சூரன் மயிலான கதையைப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி ஆறு நாள்கள் கந்தசட்டி விரதம். தாயகத்தில் அது மாரிமழை தொடங்கிக் கேணிகளும் குளங்களும் நிரம்பும் காலம். நாம் தஞ்சம் புகுந்து வாழும் இந்த ஐரோப்பிய நாடுகளிலோ மரங்கள் இலையுதிர்த்து நிற்க, மாலை ஐந்து மணிக்கே இருள் கவியும் காலம். ஆயினும் எம்மவர் விரதத்தைக் கைவிட்டாரில்லை. உணவகத்து அடுக்களையில் நாள் முழுதும் பிறர்க்குச் சமைத்துவிட்டுத் தாம் பாலும் பழமும் மட்டும் உட்கொள்ளும் ஆண்களையும், துப்புரவுப் பணி முடித்து நேரே கோயிலுக்கு வந்து சேரும் பெண்களையும் நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். பக்தியில் ஒரு குறைவுமில்லை. குறைவு வேறோரிடத்தில் உள்ளது. அதனைச் சுட்டவே இதனை எழுதுகின்றோம்.

ஆறாம் நாள் மாலை சூரன் போர். எமது கோயில்களிற் பல இன்னும் வாடகை மண்டபங்களிலும் பழைய தொழிற்சாலைக் கட்டடங்களிலுமே இயங்குகின்றன. இத்தனை மணிக்குள் மண்டபத்தை ஒழித்துக் கொடுக்க வேண்டும். இரவானபின் தவிலொலி அயலவர்க்குக் கேட்கலாகாது. இந்த நெருக்கடிக்குள்ளே யானைமுகத்துத் தாரகன் வருகிறான், சிங்கமுகன் வருகிறான், பின்னர் சூரன் வருகிறான். இளைஞர்கள் தோளிலே தூக்கிச் சூரனை ஆட்டும் ஆட்டத்தில் மண்டபமே அதிர்கின்றது. கைத்தொலைபேசிகள் எல்லாம் உயர்கின்றன. ஆட்டம் முடிவதற்குள் நேரமும் முடிந்துவிடுகின்றது. மாமரக் கொப்பு ஒருமுறை காட்டப்படுகிறது. மயிலும் சேவலும் ஒருமுறை அசைக்கப்படுகின்றன. அதற்குள் சனத்திற் பாதி பாதணிகளைத் தேடிப் போய்விடுகின்றது. ஓராலயத்தில் மாங்கொப்பு விழுந்ததோடு தீபாராதனை காட்டப்பட்டது. மயிலும் சேவலும் வெளியே வரவேயில்லை. வினவியபோது, "நேரம் போய்விட்டது" என்றனர்.

நேரம் போனது உண்மையே. ஆனால் கதையின் உயிர் அந்த ஈற்றுக் காட்சியிலல்லவா இருக்கின்றது! முன்னே நிகழும் போர் முழுதும் அதற்கான ஆயத்தம். அதனை விட்டுவிட்டால் எஞ்சுவது ஒரு பெரிய அடிபிடி. அதில் ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார் என்பதே பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டு செல்லும் செய்தி.

காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்து அருச்சகரான கச்சியப்ப சிவாச்சாரியார் ஆறு காண்டங்களில், 10,345 பாடல்களிற் பாடிய கந்தபுராணத்தை யாழ்ப்பாணம் போல் நெஞ்சிலேற்றிய நாடு பிறிதில்லை எனலாம். எமது வாழ்க்கை நெறியையே 'கந்தபுராண கலாசாரம்' என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் பெயரிட்டு வழங்கினார்கள். அப்பெயர் வாய்ப்பேச்சாக இன்றும் மேடைகளில் ஒலிக்கின்றது. அந்தப் புராணத்தின் முடிவு என்ன என்று எம் இளையோரைக் கேட்டால், "முருகன் சூரனைக் கொன்றார்" என்கின்றனர். கொல்லவில்லை என்பதே கந்தபுராணம்.

சூரபன்மன் அற்பனல்லன். பெருந்தவம் செய்து சிவபெருமானிடத்திலே வரம் பெற்றவன். 1,008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளும் பேறு பெற்றவன். தவத்தாற் பெற்ற வலிமையைக் கொண்டு தேவர்களைச் சிறையிட்டான். இந்திரன் மகன் சயந்தனையும் சிறையிலடைத்தான். போர்க்களத்தில் தம்பியரும் மைந்தரும் மாண்டு, படையழிந்து, தேரழிந்து, தன்னந்தனியே நின்றபோதும் அவன் பணியவில்லை. கடல் நடுவே மாமரமாய் நின்றான். வேல் அம்மரத்தை இரு கூறாகப் பிளந்தது. பிளந்த கூறுகள் மயிலும் சேவலுமாகிச் சினந்து வந்தன. முருகப் பெருமான் அவற்றை நோக்கினார். அந்நோக்கிலே பகை நீங்கியது. மயில் ஊர்தியாயிற்று, சேவல் கொடியாயிற்று. இரண்டாம் முறை வேல் எறியப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிளப்பதற்கு வேல் வேண்டியிருந்தது. மாற்றுவதற்குப் பார்வை போதுமாயிருந்தது.

இதனைச் சைவசித்தாந்தத்தின் வழிநின்று நோக்கிய பெரியோர் தாரகனை மாயை என்றும், சிங்கமுகனைக் கன்மம் என்றும், சூரபன்மனை ஆணவம் என்றும் கூறிப் போந்தனர். மூவருள் தம்பியர் இருவரும் களத்தில் மாண்டனர்; தமையன் மாத்திரம் மாளவில்லை. ஏன்? மாயையும் கன்மமும் உயிரை விட்டு நீங்கத் தக்கவை. ஆணவமோ உயிரோடு அநாதியே உள்ளது. முத்தியிலும் அது இல்லாதொழிவதில்லை; அதன் சத்தி மடங்கிக் கிடக்கும், அவ்வளவே. இந்நுட்பத்தைப் பாமரரும் கண்டுகொள்ளும் வண்ணம் காட்டுவதற்கு மயிலிலும் சிறந்த உருவம் ஏது? தோகையை விரித்து, "என்னைப் பார்" என்று ஆடும் பறவை அது. அதே தோகையும் அதே செருக்குமாக, ஆனால் இறைவனைச் சுமந்துகொண்டு நிற்கின்றது. சுமக்கும் வரையில் அதனால் தீங்கில்லை.

(கோயில் நிருவாக சபைக் கூட்டங்களிற் கலந்துகொண்டோர்க்கு ஆணவம் அநாதி என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரே நகரத்தில் ஒரே முருகனுக்கு இரண்டு கோயில் எழுந்த வரலாறு பலவற்றுக்கும் பக்திமிகுதி மாத்திரமே காரணம் என்று எவரும் சொல்லமாட்டார்.)

இங்கே ஒரு வினா எழும், எழவும் வேண்டும். பகைவனை அழிக்காது ஆட்கொள்வதே முருகதத்துவம் என்றால், வீடிழந்தும் உறவிழந்தும் வந்த மக்களைப் பார்த்து, "எல்லாவற்றையும் மறந்து மன்னித்துவிடுங்கள்" என்கிறீர்களா? 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் மழையிலே செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தது கந்தசட்டியை ஒட்டிய நாள்களிலேதான். விரதம் இருந்தவர்களும் அந்தச் சனத்துள்ளே நடந்தார்கள். 2009 மே மாதத்தை நாம் எழுத்தில் விரிக்க வேண்டியதில்லை. இப்பத்திரிகை நுழையும் வீடுகளில் அதனால் தீண்டப்படாத வீடு அரிது. அவ்வீடுகளில் போய் மயிலின் கதையைச் சொன்னால் அது ஆறுதலா, பரிகாசமா?

புராணத்தை முழுமையாகப் படித்தவர்க்கு இவ்வினாவுக்கு விடை அதனுள்ளேயே கிடைக்கும். போருக்கு முன்னர் வீரவாகு தேவர் தூது செல்கின்றார். அத்தூதின் பொருள் ஒன்றே: தேவர்களைச் சிறையினின்றும் விடுக. நாட்டைக் கேட்கவில்லை, செல்வத்தைக் கேட்கவில்லை; சிறைப்பட்டோரை விடுமாறே கேட்டார். சொந்தத் தம்பியாகிய சிங்கமுகனே தமையனுக்கு அதனை எடுத்துரைத்தான், இகழப்பட்டான். ஈற்றில் தமையன் பக்கமே நின்று போரிட்டு மாண்டான். நல்லறிவு சொல்லியும் கேளாத அண்ணனுக்காக உயிர்விட்ட அவன்மீது எமக்கு எப்போதும் ஓர் இரக்கம் உண்டு. தூதை மறுத்த பின்னரே வேல் எழுந்தது. 

சைவநூல்கள் இறைவனின் அருளை அறக்கருணை என்றும் மறக்கருணை என்றும் இரண்டாகக் கூறும். பிள்ளையைத் தடவிக் கொடுப்பதும் கருணை. புண்ணைக் கீறி மருந்திடுவதும் கருணை. கந்தன் புரிந்த போர் மறக்கருணையின்பாற்படும். எனவே அருள் என்பது நீதியைத் தள்ளிவைத்துவிட்டு வருவதன்று. 2017 பெப்ரவரி மாதத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தம் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுத் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய இடம் எது? கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றல். அவ்விடத்தை அவர்கள் எக்காரணத்தால் தெரிந்தனரோ, அங்கே நின்று அவர்கள் கேட்டது வீரவாகு தேவர் கேட்டதையே. அவர்களிடம் மறதியைக் கேட்க எவர்க்கும் உரிமையில்லை. அதேவேளை, பகைவனும் ஒருநாள் மாறத் தக்கவன் என்ற நினைவை எம் பிள்ளைகளின் நெஞ்சிலிருந்து எடுத்துவிடவும் எமக்கு உரிமையில்லை. கதிர்காமத்து முருகனைச் சிங்கள மக்கள் கதரகம தெய்யோ என்று கைதொழுகின்றனர், காவடியும் எடுக்கின்றனர். எமது தெய்வத்தை அவர்கள் எடுத்துக்கொண்டனர் என்று மனம் கசந்து பேசுவோர் உளர். அக்கோயிலின் உரிமைபற்றிய நியாயமான கவலைகளும் உண்டு. எனினும் இருசாராரும் ஒரு தெய்வத்தின் முன்னிலையில் நிற்கின்றனர் என்ற அளவிலேனும் அது சிந்திக்கத் தக்கது.

முருகனைப் போர்த்தெய்வமாக மட்டும் காண்பது பழந்தமிழ் மரபுக்கும் ஒத்ததன்று. நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் ஆறு திருமுகங்களுக்கும் ஆறு தொழில் வகுத்துள்ளார். ஒருமுகம் இருளடைந்த உலகுக்கு ஒளி தருகின்றது. ஒருமுகம் அன்பர்க்கு வரமளிக்கின்றது. மற்றொன்று வேள்வியைக் காக்கின்றது. வேறொன்று மறைந்து கிடக்கும் பொருள்களை ஆராய்ந்து திங்களைப்போல் விளக்குகின்றது. ஒன்று பகைவரை அழித்துக் களம் காண்கின்றது. பிறிதொன்று வள்ளியோடு நகைத்து மகிழ்கின்றது. ஆறில் ஒன்றே போருக்கு. ஒளி கொடுக்கவும் பொருள் விளக்கவும் இரண்டு முகங்கள் இருக்க, எமது மண்டபங்களில் ஐந்து முகங்களும் பின்னே மறைந்து அந்த ஒன்றே முன்னிற்கின்றது.

வேலின் பொருளும் இதனோடு சேர்த்து நோக்கத் தக்கது. நல்லூரிலே மூலத்தானத்தில் வேலே வழிபடப்படுகின்றது. ஆறுமுக நாவலர் அவர்கள் ஆகமவிதி நோக்கி அதுபற்றி மாறுபட்ட கருத்துக் கொண்டிருந்தமை கற்றோர் அறிந்ததே. ஆனால் சனங்களின் நெஞ்சம் வேலோடு ஒன்றிவிட்டது. பழைய நல்லூர்க் கோயிலைப் போர்த்துக்கேயர் 1621இல் இடித்தனர். இன்றுள்ள கோயில் 1734ஆம் ஆண்டளவில், ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் எழுந்தது. இடையிட்ட நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் அங்கே கோபுரம் இல்லை, மணி இல்லை. வழிபடுவோரின் நினைவு மட்டுமே இருந்தது. கோயிலில்லாத ஊருக்கு வந்து, கடதாசிப் படத்தை அலுமாரித் தட்டில் வைத்து விளக்கேற்றிய எம் முதல் அகதிகளுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் பூசை செய்யும் கப்பூகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மௌனமாகவே பூசை ஆற்றுவார். அங்கும் வேலே முதன்மை. மந்திரமில்லை, ஆரவாரமில்லை. ஆயுதமொன்றின் முன்னே இப்படி ஒரு மௌனம் எதற்கு? வேல் ஞானசத்தி என்பதனாலேதான். நுனி கூரியது, இலை அகன்றது, காம்பு நெடியது. அறிவும் கூர்மையாய், அகலமாய், ஆழமாய் இருத்தல் வேண்டும் என்று எம் ஆசிரியர்கள் எமக்குக் கற்பித்தனர். நாமும் கரும்பலகையில் வேலை வரைந்து எத்தனையோ வகுப்புகளுக்கு அதனைக் கற்பித்தோம். சூரனை மாற்றியது ஆயுதபலமன்று, அறிவு என்பதே அதன் பயன்.

இனி, இக்கட்டுரையில் எமக்கு மிக நெருக்கமான விடயத்துக்கு வருகின்றோம். முருகனை எம்மவர் ஏன் இத்தனை நேசிக்கின்றனர்? சிவபெருமானிடத்துப் பயபக்தி உண்டு; அம்பாளிடத்து முறையிடுவோம். முருகனிடத்தில் மட்டும் உரிமை பாராட்டுகின்றோம், கோபிக்கின்றோம், வீட்டுப் பிள்ளைபோல் "அவன்" என்கின்றோம். அவன் பிள்ளை; ஆனால் தகப்பனுக்கு உபதேசித்த பிள்ளை. பிரணவத்தின் பொருள் சொல்லத் தெரியாத பிரமனைச் சிறையிட்ட சிறுவனிடம், "உனக்குத் தெரியுமோ?" என்று தந்தை கேட்கின்றார். "கேட்கும் முறையிற் கேட்டால் சொல்வேன்" என்பது மைந்தனின் மறுமொழி. அகிலாண்ட நாயகன் பணிந்து, வாய்பொத்தி, செவி சாய்த்து மாணவனாய் இருந்த அந்தக் கோலத்தைச் சுவாமிமலையில் நினைவுகூர்கின்றோம். தகப்பன்சாமி என்று பெயரும் வைத்துள்ளோம்.

அகதி வீடுகளில் இக்காட்சி நாள்தோறும் நிகழ்கின்றது. வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தைப் பத்து வயதுப் பிள்ளை வாசித்துப் பொருள் சொல்லுகின்றது. தந்தை பணிவோடு கேட்டுக்கொண்டிருக்கின்றார். வைத்தியர் கூறும் நோயின் பெயரைத் தாய்க்கு மகள் மொழிபெயர்க்கின்றாள். சில வேளைகளில் தாய் அறியக்கூடாததை அறிந்து, அதனைச் சொல்லாமல் விழுங்குகின்றாள். பள்ளிக்கூடத்துப் பெற்றார் கூட்டத்தில் தன்னைப் பற்றிய முறைப்பாட்டைத் தானே மொழிபெயர்க்க வேண்டிய நிலைக்குள்ளான பையன்களையும் நாம் அறிவோம் (மொழிபெயர்ப்பு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பது வேறு விடயம்). எம்மிற் பலர்க்கு இது தலைகுனிவாகப் படுகின்றது. பிள்ளையின் முன்னே சிறுமைப்பட்டுவிட்டோம் என்று எண்ணி, அதனை ஈடுசெய்ய வேறு இடங்களில் அதட்டுகின்றனர். தகப்பன்சாமியை வணங்குவோர்க்கு இதிலே என்ன வெட்கம்? பிள்ளையிடம் கேட்டுக் கற்ற தந்தையின் பெருமை எவ்விடத்தும் குறைந்ததில்லை.

பெற்றோர் பிள்ளைகளிடம் மொழியைக் கேட்கின்றனர். பிள்ளைகளுக்குப் பொருளைச் சொல்ல வேண்டிய கடமை பெற்றோருடையது. அக்கடமையிலேதான் நாம் பின்னிற்கின்றோம். "உங்கள் கடவுள் ஏன் ஈட்டி வைத்திருக்கின்றார்? யாரைக் குத்துகின்றார்?" என்று வகுப்பிலே உடன்படிக்கும் பிள்ளைகள் கேட்கின்றனர். விடை தெரியாத பிள்ளை முதலில் நாணுகின்றது. பின்னர் கோயிலுக்கு வர மறுக்கின்றது. வாரவிறுதித் தமிழ்ப் பள்ளியில் ஒரு மாணவி எம்மிடம் கேட்டாள்: "சேர், சூரன் மயிலாக வர விரும்பினானா, அல்லது கட்டாயப்படுத்தினார்களா?" இலகுவில் விடை கூறிவிடக்கூடிய கேள்வியன்று. பெருமான் போர்க்களத்திலே தன் பேருருவைக் காட்டியபோது சூரன் ஒருகணம் தெளிந்து, இவரைப் பாலன் என்று எண்ணினேனே என்று நெஞ்சுருகி நின்றதையும், காட்சி மறைந்ததும் பழைய செருக்கு மீண்டதையும் அவளுக்கு எடுத்துச் சொன்னோம். அவன் உள்ளத்தில் ஒரு விருப்பம் முன்னமே முளைத்திருந்தது. வேல் அதன்மேற் கிடந்த மரத்தைத்தான் பிளந்தது. அவள் அதனை டொச்சு மொழியில் அருகிலிருந்த தன் தம்பிக்குச் சொன்னாள். எமது விளக்கத்தைவிட அது சுருக்கமாயிருந்தது. அவனுக்கு விளங்கியும் விட்டது.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராணபடனம் என்றோர் ஒழுங்கு இருந்தது. ஒருவர் பாட்டைப் பண்ணோடு வாசிப்பார்; மற்றொருவர் பயன் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாத கமக்காரரும் திண்ணையிலிருந்து கேட்டுக் கேட்டுச் சித்தாந்தம் பேசியது அவ்வாறே. வாசிப்பவரும் பயன் சொல்பவரும் ஒருவரை ஒருவர் மடக்கிய வேடிக்கைகளும் உண்டு. அந்த ஒழுங்கு இங்கே தொடரப்பெறவில்லை. தேர் வந்தது, காவடி வந்தது, தூக்குக்காவடியும் வந்தது. 2002இல் ஜேர்மனியின் ஹம் நகரில் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கோயிலே எழுந்தது. பயன் சொல்பவர் மட்டும் வரவில்லை.

கோயில் நிருவாகிகளுக்கு எமது வேண்டுகோள் பெரிதன்று. கந்தசட்டி ஆறு நாளும் பூசைக்குப் பின் இருபது நிமிடம் ஒதுக்குக. முதியவர் ஒருவர் தமிழிலே கதையைச் சொல்லட்டும். மேல்வகுப்பு மாணவர் ஒருவர் இந்நாட்டு மொழியில் அதற்குப் பயன் சொல்லட்டும். பிழையாகச் சொன்னால் முதியவர் திருத்தலாம். பிள்ளையின் சொல் சிறந்ததாயின் முதியவர் வாய்பொத்திக் கேட்கலாம். ஆறாம் நாள் சூரனை ஆட்டும் நேரத்திற் சிறிது குறைத்து, மாமரம் பிளந்ததும் தவிலை நிறுத்தி, பிள்ளைகளின் கையில் மயிலையும் சேவலையும் கொடுத்து, அவர்கள் நிதானமாகப் பெருமானிடம் நடந்து செல்ல இடம் விடுக. மண்டபத்தை அரை மணி கூடுதலாக எடுப்பதற்குப் பணம் வேண்டும் என்பர். மாலைக்கும் மின்விளக்குக்கும் உபயம் செய்ய முன்வருவோர் இதற்கும் வருவர். இவ்வாண்டு உபயப் பட்டியல் எழுதும்போது அந்த அரை மணிக்கும் ஒரு வரி ஒதுக்கி வைக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.